வெளிநாட்டு ஆய்வுப் பயிற்சி: மார்க் இருக்கிறது, முன்பணம் எங்கே?

கோடை விடுமுறையில் வெளிநாட்டு ஆய்வகத்தில் இன்டர்ன்ஷிப் என்றாலே அது ஐஐடி, ஐசர் போன்ற மத்திய அரசு நிறுவனங்களில் படிக்கும் பிள்ளைகளுக்கான விஷயம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அரசுக் கலைக் கல்லூரியிலும் மாவட்டத்துப் பொறியியல் கல்லூரியிலும் படிக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு விழிப்புணர்வு இல்லை என்று சொல்லி கருத்தரங்கம் நடத்தி, டீ, சமோசா கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். விழிப்புணர்வு யூடியூபிலேயே கிடைக்கிறது. பிள்ளைகளைத் தடுப்பது காலண்டரும் முன்பணமும்தான்.

காலண்டரை முதலில் பார்ப்போம். கனடாவின் மைடாக்ஸ் குளோபலிங்க் 12 வாரப் பயிற்சி. மே மாதத்துக்கு மேல் நடக்கும் பயிற்சிக்கு முந்தைய வருஷம் செப்டம்பரிலேயே விண்ணப்பம் முடிந்துவிடும். ஜப்பானின் ஓகினாவா அறிவியல் தொழில்நுட்பக் கழகம் ஏப்ரல், அக்டோபர் என வருஷத்துக்கு இரண்டு முறை வாங்குகிறது. பி.இ. படிப்பவர் ஐந்தாம் செமஸ்டரில் விண்ணப்பித்தால் போதும். மூன்று வருஷ பி.எஸ்ஸி. படிப்பவர்தான் மாட்டிக்கொள்கிறார். பயிற்சி முடிந்த பிறகும் படிப்பு பாக்கி இருக்க வேண்டும் என்று பல திட்டங்கள் கேட்பதால், அவர் மூன்றாம் செமஸ்டர் தொடங்கியதுமே, முதல் வருஷ மதிப்பெண்ணை மட்டும் வைத்துக்கொண்டு விண்ணப்பிக்க வேண்டும். அதற்குள் ஆய்வக அனுபவம் எங்கிருந்து வரும்? முதல் வருஷ விடுமுறையிலேயே காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வகம்), அடையாறு சி.எல்.ஆர்.ஐ. (மத்திய தோல் ஆய்வகம்) போன்ற இடங்களுக்கு எழுதிக் கேட்க வேண்டும். பொறியியல் மாணவருக்கு இன்னொரு வழியும் உண்டு. மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வுப் பயிற்சியை இரண்டாம் வருஷ முடிவில் செய்துவிட்டால், அடுத்த வருஷம் வெளிநாட்டுக்கு எழுதும்போது சொல்ல ஒரு விஷயம் இருக்கும்.

பாஸ்போர்ட்டை முதல் வருஷமே எடுங்கள். 36 பக்கத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய். ஹாஸ்டலில் இருந்துகொண்டு வீட்டு முகவரி கொடுத்தால், போலீஸ் விசாரணைக்கு வரும் நாளில் ஆள் வீட்டில் இருக்கமாட்டார், கோப்பு அப்படியே நின்றுவிடும். அதனால் விடுமுறையில் ஊரில் இருக்கும்போது விண்ணப்பிப்பது நல்லது.

அடுத்தது இனிஷியல். நம் ஊர் மார்க்‌ஷீட்டில் பெயரும் ஓரெழுத்து இனிஷியலும்தான் இருக்கும். வெளிநாட்டுப் படிவமோ குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கும். ஒருவர் புள்ளி வைப்பார், இன்னொருவர் 'கே' என்று அடிப்பார். அழைப்புக் கடிதம் அந்தப் பெயரிலேயே வந்து சேரும், பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி இருக்கும், விசா மேசையில் கேள்வி கிளம்பும். பாஸ்போர்ட் எடுக்கும்போதே அப்பா அல்லது அம்மா பெயரை முழுசாகக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டுவிட வேண்டும். அதன்பின் எல்லாப் படிவத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளதையே எழுத்து மாறாமல் அடிக்க வேண்டும். மார்க்‌ஷீட்டில் உள்ளவரும் இவரும் ஒருவரே என்று முதல்வரிடம் ஒரு போனஃபைட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போனதும் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், மூன்று மாதம் பொறுத்துக்கொள்ளலாம்.

பரிந்துரைக் கடிதத்தில் 'ஒழுக்கமானவர், கீழ்ப்படிதலானவர், நேரம் தவறாதவர்' என்று எழுதுவதை ஆசிரியர்கள் தயவுசெய்து நிறுத்த வேண்டும். அதில் தேர்வுக் குழுவுக்குப் பயன்படுகிற செய்தி ஒன்றுகூட இல்லை. வேதியியல் ஆய்வகத்தில் டைட்ரேஷன் சோதனையில் மூன்று முறை வேறு வேறு அளவு வந்தபோது இந்தப் பெண் என்ன செய்தார், பியூரெட் குழாயில் இருந்த கசிவை எப்படிக் கண்டுபிடித்தார் என்று நாலு வரி எழுதினால் போதும். பரிந்துரைக் கடிதம் வாங்கும் சில இணையதளங்கள் ஆசிரியரின் ஜிமெயிலை ஏற்காது. கல்லூரி மின்னஞ்சல் முகவரி இருக்கிறதா என்று கடைசி நாளுக்கு முன்பே ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள்.

பேராசிரியருக்கு நேரடியாக எழுதுவதென்றால் ஒரே மெயிலை நூறு பேருக்குத் தட்டிவிடாதீர்கள், பார்த்ததுமே தெரிந்துவிடும். 150 முதல் 200 சொல், ஒரு பக்க ரெஸ்யூமே, மதிப்பெண் பட்டியல். அவருடைய சமீபத்திய கட்டுரை ஒன்றில் எந்தப் படம், எந்த முடிவு உங்களுக்குக் கேள்வி எழுப்பியது என்று இரண்டு வரி. பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல்.

இனி பணம். 'முழு உதவித்தொகை' என்று போட்டிருக்கும் திட்டங்களிலும் பல, டிக்கெட் பணத்தைப் போய்ச் சேர்ந்த பிறகுதான் திருப்பித் தருகின்றன. உதவித்தொகை வர அங்கே வங்கிக் கணக்கு திறக்க வேண்டும், அதற்கே சில வாரம் ஆகிவிடும். ஐரோப்பா என்றால் ஷெங்கன் விசாவுக்கு (பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான குறுகிய கால விசா) வழக்கமாக 90 யூரோ, அதற்கு மேல் சேவைக் கட்டணம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, விமான டிக்கெட், முதல் மாத வாடகை. எல்லாம் சேர்த்து ஒன்றரை முதல் இரண்டு லட்சம் ரூபாய் முன்கூட்டியே கையில் வேண்டும். விசாவுக்காகக் கொத்தனார் வேலை பார்க்கும் அப்பாவிடம் வருமான வரி ரிட்டர்னும் வங்கி ஸ்டேட்மென்ட்டும் கேட்டால் என்ன கிடைக்கும்?

இதற்குக் கூச்சப்படாமல் செய்ய வேண்டிய வேலை இரண்டு. தேர்வானதும் ஒருங்கிணைப்பாளருக்கு நேராக எழுதுங்கள்: முன்பணம் போட வழியில்லை, டிக்கெட்டை நீங்களே எடுத்துத் தர முடியுமா, முதல் தவணையை வந்த வாரமே கொடுக்க முடியுமா என்று. கேட்டால் செய்து தருகிற இடங்கள் உண்டு, கேட்காதவருக்கு யாரும் செய்வதில்லை. அடுத்து, அழைப்புக் கடிதத்தில் தேதி, மாதத் தொகை, தங்குமிடம், காப்பீடு யார் பொறுப்பு என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். பெற்றோரின் வருமானச் சான்று பலவீனமாக இருக்கும் இடத்தில் அந்தக் கடிதம்தான் கைகொடுக்கும். வீட்டில் இருக்கும் ஏடிஎம் கார்டை நம்பாதீர்கள். வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே இயக்கினால்தான் வேலை செய்யும், உள்நாட்டுக்கு மட்டுமான ரூபே கார்டு என்றால் இயக்கினாலும் வேலை செய்யாது. ஓடிபி வருவதற்காக இந்திய சிம்மையும் உயிரோடு வைத்திருங்கள்.

அமெரிக்காவில் பெல் உதவித்தொகை வாங்கும் ஏழை மாணவர்கள் வெளிநாடு போய்ப் படிக்கவென்றே கில்மன் என்று ஒரு அரசு உதவித்தொகை இருக்கிறது, 5,000 டாலர் வரை. இங்கே அரசு அப்படி ஒன்றைக் கொண்டுவரும்வரை காத்திருக்க வேண்டாம். முன்னாள் மாணவர் சங்கம் ஐந்து லட்சம் ரூபாயைச் சுழல்நிதியாக ஒதுக்கினால் வருஷத்துக்கு இரண்டு மூன்று பேரை அனுப்பலாம். இது நன்கொடை இல்லை, வட்டியில்லாக் கடன். மே மாதம் போகும் பணம், திட்டம் திருப்பித் தந்ததும் அக்டோபருக்குள் சங்கத்துக்கே வந்துவிடும். ஆண்டு விழாவுக்கு மேடை, பிளெக்ஸ் என்று செலவு செய்யும் சங்கங்கள் இந்த வருஷக் கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாகப் போடலாம்.