ஒரு டிக் பாக்ஸ் தானே என்று கேட்பவர்களுக்கு

காலை பத்து மணிக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்தவருக்கு விடியற்காலை 4.30 என்று பில் அடித்துக் கொடுத்திருக்கிறது கம்ப்யூட்டர். கடை திருமங்கலத்தில், தங்கச்சி மாப்பிள்ளையுடையது. போன் போட்டு, "மச்சான், உங்க செட்டிங்ஸ்ல நேரத்தைத் தொட்டேன், அதுலேர்ந்துதான் இப்படி" என்கிறார். உங்க செட்டிங்ஸாம்! பழங்காநத்தத்தில் கொசுக்கடியில் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து, பத்துப் பைசா சம்பளம் இல்லாமல், லினக்ஸ் மாதிரி ஓஎஸ்களில் திரையில் ஜன்னலும் மெனுவும் காட்டும் ஒரு டெஸ்க்டாப்புக்கு நான் எழுதிக்கொண்டிருக்கும் செட்டிங்ஸ். மாப்பிள்ளை ஆயிற்றே, பட்டென்று போனை வைக்கவும் முடியாது.

அந்த ஐந்தரை மணி நேரம், ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருக்கும் நம் ஊர்க்காரர்களுக்குப் பழகிய பேய்தான். மதர்போர்டில் குட்டி பேட்டரியில் ஓடும் ஒரு கடிகாரம் இருக்கிறதே, அதில் ஓடுவது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளும், அது டாஸ் காலத்துப் பழக்கம். லினக்ஸ் அதையே யுடிசி, அதாவது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடும் உலகப் பொது நேரம், என்று எடுத்துக்கொள்ளும். லினக்ஸில் நெட் கிடைத்ததும் சரியான நேரத்தை வாங்கி, 11 நிமிடத்துக்கு ஒருமுறை ஓஎஸ்ஸின் மையமான கெர்னலே அதை யுடிசியாக அந்தக் கடிகாரத்தில் எழுதிவைக்கும். அப்புறம் பில் போட விண்டோஸுக்குள் போனால் பத்து மணி நாலரை ஆகாமல் என்ன ஆகும்?

சரி, "கடிகாரத்தில் உள்ளூர் நேரம்" என்று ஒரு டிக் பாக்ஸ் வைத்தால் தீர்ந்தது, அரை மணி நேர வேலை, அதைக்கூடச் செய்யமாட்டீர்களா என்கிறார்கள். வைக்கிறேன் சாமி. அந்த டிக்கை எங்கே போய் எழுதுவது என்று மட்டும் சொல்லுங்கள். லினக்ஸிலேயே பல வகை. கம்ப்யூட்டரைக் கிளப்பிச் சேவைகளை ஓட்ட சிஸ்டம்டி இருக்கும் இடத்தில் /இடிசி/அட்ஜ்டைம் கோப்பின் மூன்றாவது வரி. அதே வேலைக்கு ஓபன்ஆர்சி இருந்தால் /இடிசி/கான்ஃப்.டி/ஹெச்டபிள்யூகிளாக். பழைய ரெட்ஹேட் வகையறா லினக்ஸில் சிஸ்கான்ஃபிக் ஃபோல்டருக்குள் கிளாக் என்று தனிக் கோப்பு, பழைய டெபியன் லினக்ஸில் ஆர்சிஎஸ் என்ற கோப்பில் ஒரு வரி. லினக்ஸே அல்லாத ஃப்ரீபிஎஸ்டி என்ற ஓஎஸ்ஸுக்குப் போனால் வரியே கிடையாது, /இடிசி/வால்_சிமாஸ்_கிளாக் என்று ஒரு காலிக் கோப்பு கிடந்தால் உள்ளூர் நேரம், கிடக்காவிட்டால் யுடிசி! மாசி வீதிக்கு வழி கேட்டால் நாலு பேர் நாலு திசையைக் காட்டுவார்கள். மதுரையிலாவது நாலு திசையிலும் நிஜமாகவே ஒரு மாசி வீதி இருக்கிறது.

இது கடிகாரம் மட்டும். எந்த ஊர் நேரம் என்று கண்டுபிடிக்கப் போனால் அது இன்னொரு கூத்து. /இடிசி/லோக்கல்டைம் என்ற கோப்பு, வேறொரு கோப்பைக் கைகாட்டும் சிம்லிங்காக இருந்தால் அது போய் நிற்கும் இடத்தைப் பார்த்து ஏசியா/கொல்கத்தா என்று சொல்லிவிடலாம். சில இடங்களில் அது வெறும் நகல், உள்ளே பெயர் கிடையாது. பெயர் வேண்டுமென்றால் உலக நேர மண்டலங்களை அடுக்கிவைத்திருக்கும் ஜோன்இன்ஃபோ ஃபோல்டரில் இருக்கும் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து ஒப்பிட வேண்டும், ஒப்பிட்டால் பழைய பெயரான ஏசியா/கல்கத்தாவும் பொருந்தித் தொலைக்கும். நிக்ஸ்ஓஎஸ் என்ற லினக்ஸ் வகைக்காரர்கள் தங்கள் கான்ஃபிகரேஷன் கோப்பில் நேர மண்டலத்தை எழுதிவைத்திருந்தால் வெளியிலிருந்து மாற்றவே விடமாட்டார்கள். இவ்வளவுக்கும் நடுவில், "லிஸ்டில் சென்னை இல்லை, தமிழன் என்றால் இளக்காரமா" என்று ஒருவர் பக், அதாவது பிழைப் புகார், போட்டிருக்கிறார். ஐயா, இந்தியா முழுக்க ஒரே நேரம், ஒரே பெயர், லிஸ்டில் டெல்லியும்தான் இல்லை.

புரோகிராம்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் டி-பஸ்ஸில், நேரத்தை மாற்றித் தரும் சிஸ்டம்டியின் டைம்டேட் சேவையைக் கூப்பிட்டால் போதுமே என்று மேதாவிகள் வருவார்கள். தெரியும். கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். க்னோம் என்ற டெஸ்க்டாப்பில் அந்தக் காலத்தில் இதற்கென்றே ஒவ்வொரு லினக்ஸ் வகைக்கும் தனித்தனியாகப் பேர்ல் ஸ்கிரிப்டுகளை எழுதி மாரடித்தவர்களை நினைத்தால் கண் கலங்குகிறது, அதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் சிஸ்டம்டி லினக்ஸுக்கு மட்டும். ஓபன்ஆர்சிக்கு ஜென்டூ லினக்ஸ்காரர்கள் செட்டிங்ஸ்டி என்று அதே அழைப்பை எடுக்கும் ஒரு சேவையைச் செய்து கொடுத்தார்கள், புண்ணியமாகப் போகட்டும். ஃப்ரீபிஎஸ்டியில் கூப்பிட்டால் எடுக்க ஆளில்லை. "எல்லா இடத்திலும் ஓடும் டெஸ்க்டாப்" என்று முகப்பில் பெரிய எழுத்தில் போட்டுக்கொள்கிறோம், ஓடுவது ஜன்னலும் மெனுவும்தான். அந்தச் செட்டிங்ஸ் பட்டனுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு ஓஎஸ் வீட்டு வாசலிலும் ஒவ்வொரு பாஷையில் கெஞ்சுகிறவன் நான். இதில் அந்த வீட்டுக்காரர்கள் கோப்பை இடம் மாற்றிவிட்டு ஒரு வார்த்தை சொல்லவும் மாட்டார்கள்.

மாப்பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். கடைசியில் கப்பலூர் டோல்கேட்டைத் தாண்டி நேரில் போய், லினக்ஸைத் தொடவே இல்லை, விண்டோஸின் உள் அமைப்புகள் கிடக்கும் ரெஜிஸ்ட்ரியில் ரியல்டைம்இஸ்யுனிவர்சல் என்று ஒரு மதிப்பு போட்டு அதையும் யுடிசிக்குக் கொண்டுவந்தேன். பில் சரியாக வருகிறது. ஃப்ரீபிஎஸ்டியில் அந்த டிக் பாக்ஸை மறைத்துவைத்துவிட்டேன், திட்டுகிறவர்கள் வரிசையில் வரவும்.