அந்த ரயிலில் சர்ச்சில் ஏறவே இல்லை

நேற்றைய கூத்தைப் பார்க்காதவர்களுக்கு: 'தலைவன் என்றால் இவன்தான்' என்று, பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலைப் பற்றிய 'டார்க்கஸ்ட் ஹவர்' படத்தின் ரயில் காட்சித் துண்டு, 'இது நடக்கவே இல்லை' என்று அதன் கீழே நான் போட்ட ஒரே ஒரு வரி, பிறகு எனக்குக் கிடைத்த அர்ச்சனை. "சினிமாவை சினிமாவா பாருங்க சார்." பார்க்கிறேன் ஐயா. அதை வரலாறு என்று வகுப்பெடுத்தது நானா?

திரும்பவும் சொல்கிறேன். 'டார்க்கஸ்ட் ஹவர்' படத்தில் சர்ச்சில் சுரங்க ரயிலில் ஏறி, "ஹிட்லரோடு சமாதானம் பேசலாமா?" என்று பயணிகளிடம் கேட்கிறாரே, அது நடக்கவில்லை. செயின்ட் ஜேம்ஸ் பார்க்கிலிருந்து வெஸ்ட்மின்ஸ்டர் அடுத்த நிறுத்தம். அதற்குள் ஒரு பொதுக்கூட்டமே நடந்து முடிகிறது! அதைக்கூட விடுங்கள். சமாதானப் பேச்சு என்ற ஒன்று ஓடுவதே அன்று வெளியே யாருக்கும் தெரியாது. பரம ரகசியம். அதைப் போய் ரயிலில் கேட்பாரா?

நடந்தது இது. 1940 மே 26, 27, 28. போர்க்கால அமைச்சரவையில் ஐந்தே பேர்: சர்ச்சில், அவருக்கு முன் பிரதமராக இருந்த சேம்பர்லின், வெளியுறவு அமைச்சர் ஹாலிஃபாக்ஸ், தொழிற்கட்சியின் அட்லி, கிரீன்வுட். மூன்று நாளில் ஒன்பது முறை கூடினார்கள். இத்தாலியின் முசோலினி வழியாகச் சமாதானம் பேசிப் பார்க்கலாம் என்றார் ஹாலிஃபாக்ஸ். பிரெஞ்சுக் கடற்கரையான டன்கர்க்கில் சிக்கிய படையிலிருந்து 45,000 பேரை மீட்டாலே பெரிது என்று கடற்படை கணக்குப் போட்டிருந்த நேரம். 27ஆம் தேதி மீட்கப்பட்டவர்கள் 7,669 பேர். கடைசியில் 3,38,226 ஆகும் என்று அந்த அறையில் யாருக்குத் தெரியும்? ஹாலிஃபாக்ஸ் கோழையும் அல்ல, துரோகியும் அல்ல. கையில் இருந்த கணக்கை வைத்துப் பேசினார்.

அட்லியும் கிரீன்வுட்டும் முதலிலிருந்தே மறுத்தார்கள். படத்தில் அவர்கள் இருந்தார்களா என்று யோசித்துப் பாருங்கள். சேம்பர்லினைக் கைக்குட்டையோடு சதிகாரராக உட்கார வைத்துவிட்டார்கள். கன்சர்வேடிவ் கட்சித் தலைவர் அப்போதும் அவர்தான். அவர் ஹாலிஃபாக்ஸ் பக்கம் சாய்ந்திருந்தால் சர்ச்சில் பாடு திண்டாட்டம். 28ஆம் தேதி அவர் நின்றது சர்ச்சில் பக்கம். அன்று மாலை மற்ற அமைச்சர்கள் இருபத்தைந்து பேரைக் கூட்டி சர்ச்சில் பேசினார், ஆதரவு பொங்கியது, விஷயம் முடிந்தது. ரயில் அல்ல, அறை. அறை!

"கற்பனைக்கு இடமே இல்லையா?" இருக்கிறதே. மே 26 கூட்டக் குறிப்பில், முதல் கால் மணி நேரம் செயலர் அறையில் இல்லாததால் அது பதிவாகவில்லை என்றே எழுதியிருக்கிறது. பதினைந்து நிமிடம், ஐந்து பேர், மூடிய கதவு. திரைக்கதை எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அதை விட்டுவிட்டுத் தீப்பெட்டியில் பயணிகள் பெயரை எழுத வைக்கிறார்கள்.

சரிபார்க்க விரும்புகிறவர்களுக்கு: லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் வழக்கமான கூட்டக் குறிப்புகளோடு நின்றுவிடாதீர்கள், பாதிதான் கிடைக்கும். அவற்றின் ரகசிய இணைப்புகள் தனி வரிசை, கோப்பு எண் கேப் (CAB) 65/13. சண்டை முழுக்க அங்கேதான். சர்ச்சிலின் நினைவுநூலை நம்பாதீர்கள். தனியாகப் போரைத் தொடர்வதா என்ற கேள்வி அமைச்சரவையின் நிகழ்ச்சி நிரலிலேயே வரவில்லை என்று 1949இல் கூசாமல் எழுதியவர் அவர். அந்தப் பூசல் இருந்தது என்று திரையில் காட்டியதற்கு இந்தப் படத்துக்கு ஒரு நன்றி, போகட்டும். நடிப்பு? ஆஸ்கர் கொடுத்துவிட்டார்களே, நான் வேறு எதற்கு.

படத்தின் அந்த ரயில் பெட்டியில் கறுப்பினப் பயணி எப்படி வந்தார் என்று கேட்பவர்களோடு என்னைச் சேர்க்க வேண்டாம். 1940 லண்டனில் கறுப்பின மக்கள் வாழ்ந்தார்கள். என் குறை அதுவல்ல.

நேற்று மிகவும் உறுத்தியது வேறு. "வங்காளத்தைப் பட்டினி போட்டவனுக்கு வக்காலத்தா?" என்று ஒருவர். நானா? மே 28 மாலை அந்த இருபத்தைந்து பேரில் ஒருவர் லியோ ஏமரி, இந்தியாவுக்கான அமைச்சர். அன்றைய உற்சாகத்தை நாட்குறிப்பில் எழுதி வைத்தவர். 1943இல் வங்காளப் பஞ்சத்துக்குத் தானியக் கப்பல் கேட்டு அதே சர்ச்சிலிடம் மன்றாடி, இந்தியர்களைப் பற்றி சர்ச்சில் உதிர்த்த வசைகளையும் அதே நாட்குறிப்பில் எழுதினார். ரயில் துண்டைப் பகிர்ந்த நானூறு பேரில் ஒருவராவது அந்தப் பக்கத்தையும் பகிருங்களேன். முதல் விருப்பக்குறி என்னுடையது.