அரங்கம் சிரித்தது சரி, என் கேள்விக்குப் பதில் எங்கே?

சனிக்கிழமை சென்னை கிண்டியில், மென்பொருள் திருட்டு பற்றிய கூட்டத்தில் நடந்ததை எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தக் காணொளித் துண்டை ஆளாளுக்குப் பகிர்ந்து, "திருட்டு மென்பொருளுக்கு வக்காலத்து வாங்கும் பெரியவர்" என்று தலைப்பு வேறு போட்டுவிட்டீர்கள். 52 வயதுக்குப் பெரியவர் என்பது கொஞ்சம் அதிகம்தான், போகட்டும். வக்காலத்து என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

நான் கேட்டது ஒரே கேள்வி. பேச்சாளர் திரையில் 290 கோடி டாலர் என்று சிவப்பு எழுத்தில் காட்டி, 2011இல் திருட்டு மென்பொருளால் இந்தியா இழந்த பணம் என்றார். இழந்தது யார், எப்படிக் கணக்கிட்டார்கள் என்று கேட்டேன். "திருடனுக்கும் ஒரு வக்கீல் வந்துவிட்டார்" என்றார். அரங்கமே சிரித்தது. அத்தோடு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

அவர் சொல்லாததை நான் சொல்கிறேன். அந்த எண் பிசினஸ் சாப்ட்வேர் அலையன்ஸ் என்ற மென்பொருள் நிறுவனங்களின் சங்கம் வெளியிட்டது. நாட்டில் எத்தனை கணினிகள், ஒவ்வொன்றிலும் எத்தனை மென்பொருள்கள் என்று மதிப்பிடுவார்கள். அதில் காசு கொடுத்து வாங்கியவற்றைக் கழிப்பார்கள். மிச்சமெல்லாம் திருட்டு. அதை விலையால் பெருக்கினால் தொகை வந்துவிடும். பெருக்கலில் பிழை இல்லை. ஆனால் திருட்டுப் பிரதி கிடைக்காவிட்டால் அத்தனை பேரும் முழு விலை கொடுத்து வாங்கியிருப்பார்கள் என்று நம்பினால்தான் அதை இழப்பு என்று சொல்ல முடியும். அந்தச் சங்கமே இழப்பு என்ற பழைய சொல்லைக் கைவிட்டு, அந்த 2011 அறிக்கையிலேயே 'வணிக மதிப்பு' என்றுதான் போட்டது. நம் பேச்சாளருக்கு அந்த அடக்கம்கூட இல்லை.

இப்போது என் கதை. 2003இல் சைதாப்பேட்டையில் மளிகைக் கடைகளுக்காகத் தமிழில் ஒரு பில்லிங் மென்பொருள் எழுதினேன். விலை 4,500 ரூபாய். விற்றது மூன்று. ஒருநாள் மேற்கு மாம்பலத்தில் பருப்பு வாங்கப் போன கடையில், கணினித் திரையில் என் மென்பொருள்! 'பாக்கி' என்பதை 'பாக்கீ' என்று நான் தவறாக அடித்திருந்த எழுத்துப்பிழைகூட அப்படியே இருந்தது. விசாரித்ததில் பதினோரு கடைகளில் ஓடுவது தெரிந்தது. அன்று இரவு நானும் பெருக்கினேன்: 49,500 ரூபாய். தூக்கமே வரவில்லை.

மறுநாள் சண்டைக்குப் போனேன். கடைக்கார அண்ணாச்சி எனக்கு ஒரு டீ சொல்லிவிட்டு, கல்லாவுக்கு அடியிலிருந்து நீளமான கணக்கு நோட்டை எடுத்து வைத்தார். "தம்பி, காசு கேட்டிருந்தால் இதிலேயே எழுதிக்கொண்டிருப்பேன். சும்மா கிடைத்ததால்தான் கம்ப்யூட்டரைத் தொட்டேன்" என்றார். கோபம் வந்தது, பதில் வரவில்லை. அடுத்த ஆண்டு வரி மாற்றங்களோடு புதுப் பதிப்பு கொண்டுவந்தபோது அந்தப் பதினொன்றில் இரண்டு கடைகள் காசு கொடுத்து வாங்கின. அண்ணாச்சி வாங்கவில்லை.

ஆக, நான் இழந்தது 49,500 ரூபாயா? இல்லை. ஒன்றுமே இழக்கவில்லையா? அதுவும் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிற எண்ணைத் தேடுவதுதானே ஆய்வாளர் வேலை?

"அப்படியானால் திருடலாம் என்கிறீர்களா?" என்று கேட்க வருகிறவர்களுக்கு: என் அலுவலகத்தில் எல்லாவற்றுக்கும் உரிமம் இருக்கிறது, ரசீதுகள் கோப்பில் இருக்கின்றன, வந்து பார்க்கலாம். திருட்டு தவறு. தவறான கணக்கும் தவறு.

"உழைத்தவனின் வயிற்றில் அடிக்கலாமா?" அடிபட்ட வயிறு என்னுடையது. அடுத்த கேள்வி.

"நாட்டின் பொருளாதாரமே பாதிக்கிறது" என்பவர்களிடம்தான் எனக்குப் பொறுமை போகிறது. அண்ணாச்சி கொடுக்காத 4,500 ரூபாய் ஆவியாகிவிட்டதா? அதில் அவர் எடைத் தராசு வாங்கியிருப்பார், பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டியிருப்பார். பணம் எனக்கு வரவில்லை என்பதும் நாட்டைவிட்டே போய்விட்டது என்பதும் ஒன்றா? அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2010இல், போலிப் பொருள்கள், திருட்டுப் பிரதிகள் பற்றி அவர்கள் அரசே மேற்கோள் காட்டிவந்த மூன்று பெரிய மதிப்பீடுகளுக்கு ஆதாரத் தரவைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று எழுதியது. அவர்களும் திருடனுக்கு வக்கீல்களோ? 1998இல் பில் கேட்ஸே சீனர்களைப் பற்றி, எப்படியும் திருடுவதென்றால் நம்முடையதையே திருடட்டும், பழகிவிடுவார்கள், பிறகு வசூலிக்க வழி கண்டுபிடிப்போம் என்றுதானே பேசினார்? அவர் சொன்னால் வியாபார நுட்பம். சைதாப்பேட்டைக்காரன் ஒரு கேள்வி கேட்டால் வக்காலத்து.

சிரித்ததுகூடப் பரவாயில்லை. முன்வரிசையில் தொடையைத் தட்டிச் சிரித்தாரே ஒருவர், இன்று பெரிய நிறுவனத்தில் பெரிய பதவியில் இருக்கிறார். 2001இல், கணினிப் பொருள்கள் விற்கும் ரிச்சி தெருவில் நான் எழுபது ரூபாய்க்கு வாங்கிய ஒரு திருட்டு மென்பொருள் சிடியை, நிரல் எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று என் வீட்டுக்கு வந்து வாங்கிப் போனவர். பெயர் சொல்ல மாட்டேன், இதைப் படிப்பார். அந்த சிடி இன்னும் திரும்பி வரவில்லை.