மட்டக்களப்பு – பலாலி: 22 நிமிடம் என்பதைத் திருத்துங்கள்
மட்டக்களப்பிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு 22 நிமிடங்களில் பறந்துவிடலாம் என்று கட்டுரையில் எழுதியிருப்பதை ஆசிரியர் தயவுசெய்து திருத்த வேண்டும். இரு விமான நிலையங்களுக்கும் இடையிலான வான்வழித் தூரம் ஏறத்தாழ 290 கிலோமீற்றர், அதாவது சுமார் 157 கடல் மைல். அதை மணிக்கு 800 கிலோமீற்றர் என்ற பெரிய ஜெட் விமானத்தின் வேகத்தால் வகுத்தால்தான் 22 நிமிடம் வரும். மட்டக்களப்பின் திமிலைதீவில் உள்ள நம் சிறிய ஓடுபாதைக்குப் பொருந்துபவை செஸ்னா கரவன் போன்ற சிறு விமானங்கள். அவை மணிக்கு 340 கிலோமீற்றர் அளவில் பறப்பதால் தூரத்தைக் கடக்க மட்டுமே 50 நிமிடத்துக்கு மேலாகும் என்பதோடு, வாவிக்கு மேலாக எழும்பித் திரும்பி உயரம் பிடிப்பதையும், பலாலியில் இறங்கித் தரிப்பிடம் சேர்வதையும் கூட்டினால் ஒரு மணி நேரம் ஆகிவிடும்.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். பலாலிப் பாதை வடமேற்காகச் செல்வதால் இரு பருவக்காற்றுகளும் பெரும்பாலும் பக்கவாட்டிலேயே வீசும். கொழும்புக்கு அருகே உள்ள இரத்மலானைக்குப் போகும் 220 கிலோமீற்றர் பாதையிலோ கச்சான் எனும் தென்மேற்குப் பருவக்காற்று முகத்துக்கு நேரே நிற்கும். அது மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் வீசினால் 39 நிமிடப் பறப்பு 44 நிமிடமாகும்.

முழங்கால் வலியோடு என் தாயாரைச் சிகிச்சைக்காக யாழ்ப்பாணம் கூட்டிச் சென்ற இரவில், ஹபரணை, வவுனியா வழியாக விடியும்வரை கால் நீட்ட இடமின்றி அவர் பஸ்ஸில் இருந்தார். ஒரு மணி நேரம் என்றே எழுதுங்கள், அவருக்கு அதுவே போதும்.