மாருதி 800 இன்ஜினில் இருப்பது செயின் அன்று, பெல்ட்

“பழைய மாருதி 800 இன்ஜினில் டைமிங் செயின் இருக்கிறது, ஆயில் மட்டும் மாற்றினால் போதும், ஆயுளுக்கும் கவலையில்லை” என்று பரவும் தகவல் தவறானது.

1983 டிசம்பரில் அறிமுகமான அந்தக் காரின் 796 சிசி, மூன்று சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினில் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் என்ற தண்டைச் சுழற்றுவது டைமிங் செயின் அன்று, பல் வைத்த ரப்பர் பெல்ட்தான். பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் கார்புரேட்டர் போய், அதைப் பீய்ச்சி அனுப்பும் எம்பிஎஃப்ஐ முறை வந்த பின்னரும் இது மாறவில்லை. 2010-இல் வந்த ஆல்டோ கே10-இன் 998 சிசி இன்ஜினில் செயின் இருப்பதால் இந்தக் குழப்பம் எழுந்திருக்கலாம். அது முற்றிலும் வேறு இன்ஜின்.

செயின் தேய்ந்தால் பெரும்பாலும் சத்தம் கொடுத்து எச்சரிக்கும், ஆனால் பெல்ட் அப்படியன்று: மூடிக்குள் மறைந்திருந்து, வெடிப்பு விட்டோ, ஆயில் சீல் கசிந்து எண்ணெயில் ஊறியோ, முன்னறிவிப்பின்றி ஒருநாள் அறுந்துவிடும், அந்தக் கணமே வால்வுகள் அசைவதை நிறுத்த, நெடுஞ்சாலையின் நடுவிலும் வண்டி நின்றுவிடும். வெளியே கண்ணில் படும் ஃபேன் பெல்ட்டை மாற்றிவிட்டு இதையும் மாற்றியதாக நினைப்பவர்கள் உண்டு, இரண்டும் வெவ்வேறு.

இந்த இன்ஜின் நெடுநாள் உழைக்கும் என்பது உண்மையே. எளிய அமைப்பும் எங்கும் கிடைக்கும் உதிரிபாகங்களும் அதற்குக் காரணம். எனினும் ரப்பர், ஓடாமல் நின்றாலும் வயதாகி இறுகும் பொருள். ஆகவே பழைய வண்டி வாங்குவோர், பெல்ட் மாற்றிய ரசீது இல்லையெனில், ஓடோமீட்டர் எதைக் காட்டினாலும் முதலில் அதை மாற்றிவிட வேண்டும்.