நவராத்திரிக்குள் ஒரு பாட்டு வேண்டாம்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் கர்நாடக சங்கீதப் பாட்டு வகுப்பில் சேர்க்க வரும் பெற்றோர் முதலில் கேட்பது, "சார், நவராத்திரிக்குள்ள ஒரு பாட்டு பாடிடுவாளா?" பாட வைத்துவிடலாம். ஆனால் முதல் வருடம் முழுக்கக் காதுக்கான வருடம் என்பதே என் உறுதியான கருத்து. காது அமையாமல் ஏற்றிய பாட்டு, பின்னால் வர்ணம் என்ற கடினமான பாடத்துக்கு வரும்போது நொண்டும்.

முதலில் சுருதி, அதாவது பாடுவதற்கு ஆதாரமான ஸ நிற்கும் உயரம். அதைக் கட்டை என்ற அளவில் சொல்வோம். வகுப்பு முழுவதையும் ஐந்து கட்டையில் பாட வைப்பது ஆசிரியர்களான நம் வசதிக்குத்தான். கீழ்ப் பஞ்சமம் (ப), மேல் ஸட்ஜம் (ஸ) இரண்டும் சிரமமில்லாமல் எந்தக் கட்டையில் வருகிறதோ, அதுதான் அந்தப் பிள்ளையின் கட்டை. மேல் ஸவில் தாடை தூக்கினாலோ, கழுத்து நரம்பு புடைத்தாலோ அரைக் கட்டை இறக்கிவிடுங்கள். சுருதிப் பெட்டியை அலற விடாதீர்கள். பிள்ளையும் சேர்ந்து கத்தும்.

முதல் பாடமான சரளி வரிசையில் தவறு நடக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றே. அதைப் பாடும் ராகமான மாயாமாளவகௌளையில் ரி ஸவை ஒட்டியிருக்கும், க மவை ஒட்டியிருக்கும், நடுவில் பெரிய இடைவெளி. பிள்ளைகள் அதைச் சமமாகப் பங்கிட்டுவிடுவார்கள். ரி ஏறிவிடும், க இறங்கிவிடும். வரிசையை நிறுத்திவிட்டு ஸ-ரி-ஸ, ம-க-ம என்று மட்டும் பத்து நிமிடம் பாடுங்கள். பிறகு ப-த-ப, ஸ-நி-ஸ. மேல் பாதியும் அதே அளவில் அமைந்ததுதான், கீழே பிடிபட்டால் மேலே தானாக வரும். அடுத்து அதையே அகாரத்தில், வெறும் 'ஆ' என்று. ஸ்வரப் பெயர் போனதும் எவ்வளவு காதில் நின்றது என்று தெரிந்துவிடும். அதுவரை நோட்டைத் திறக்கவே வேண்டாம்.

காலம், அதாவது பாடும் வேகம், இன்னொரு சிக்கல். இரண்டாம் காலம் என்றதும் வாயோடு தாளம் போடும் கையும் ஓடும். மெட்ரோனோமை 60-ல் வைத்து, கை மாறாமல், மூன்று காலத்துக்கும் முறையே தட்டுக்கு ஒன்று, இரண்டு, நான்கு ஸ்வரம். முதல் சரளியின் பதினாறு ஸ்வரமும் மூன்றாம் காலத்தில் அரை ஆவர்த்தனத்திலேயே, எட்டுத் தட்டுள்ள ஆதி தாளச் சுற்றின் பாதியிலேயே, முடிந்துவிடும். இரண்டு முறை பாடினால்தான் சமத்துக்கு, அதாவது சுற்றின் முதல் தட்டுக்கு, வரும். இதைச் சொல்லித்தராததால் எத்தனையோ பிள்ளைகள் பாதியில் விழிக்கிறார்கள். ஒரு ஆவர்த்தனம் மௌனமாகத் தாளம் மட்டும் போட்டு, சரியாகச் சமத்தில் எடுக்கச் சொல்லிப் பாருங்கள். அதைவிட நல்ல பரீட்சை இல்லை.

வரிசைகளுக்குப் பின் வரும் எளிய பாட்டான கீதத்துக்கு மலஹரி ராகமே போதும். மாயாமாளவகௌளையில் இல்லாத புதிய ஸ்வர ஸ்தானம் எதுவும் அதில் இல்லை.

கூடவே தேவாரம் வேண்டும் என்பேன். அப்பரின் முதல் பதிகம் பிறந்த திருவதிகை நம் பண்ருட்டியில்தான் இருக்கிறது. அந்தப் பதிகத்தின் பண், அதாவது பழந்தமிழ் ராகம், கொல்லி. ஓதுவார்கள் அதை நவரோஸ் ராகத்தில் பாடுகிறார்கள். நவரோஸ் கீழ்ப் பஞ்சமத்தில் தொடங்கி நடுப் பஞ்சமத்தோடு நின்றுவிடும், மேல் ஸவே தேவையில்லை. குரல் உடையும் வயதுப் பையன்களுக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. ஐந்து கட்டையில் பாடியவன் மெல்ல ஒன்று, ஒன்றரைக்கு இறங்கி நிற்பான். பலர் இந்தச் சமயத்தில்தான் வகுப்பை நிறுத்துகிறார்கள். நிறுத்தாதீர்கள். தினம் பதினைந்து நிமிடம், வரும் கட்டையில், மெதுவாக ஒரு பதிகம். மீதி நேரம் தாளமும் கேள்வி ஞானமும். மேல் ஸ்தாயியைக் குரல் நிலைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.