தேதி என்றால் எந்தத் தேதி?

ஆபீஸில் லீவு போடும் வேலையை ஏஐ ஏஜென்ட்டிடம் விட்டிருக்கிறார்கள். அதற்குக் கொடுத்த டூலின் (லீவு போட அது இயக்கும் நிரலின்) விளக்கம் ஒரே வரி: 'விடுப்பைக் கையாளும்.' கையாளும் என்றால்? போடுமா, ரத்து செய்யுமா? உள்ளே 'தேதி' என்று ஓர் உள்ளீடு, வகை, ஸ்ட்ரிங், அதாவது வெறும் எழுத்து வரிசை. அவ்வளவுதான்.

நான் கேட்டது ஏப்ரல் 3. ஏஜென்ட் மாதத்தை முன்னால் வைத்து 04/03 என்று அனுப்ப, டூல் முதலில் இருப்பது நாள் என்று எடுத்துக்கொண்டு, மார்ச் 4-க்கு லீவு விழுந்துவிட்டது. ஏஜென்ட் என்ன ஜோசியமா பார்க்கும்? ஆண்டு-மாதம்-நாள் என்று எழுதும் ஐஎஸ்ஓ 8601 முறையில் 2025-04-03 என்று ஓர் உதாரணம் எழுதியிருந்தால் போதாதா?

சரி, ரத்து செய் என்றேன். டூலிடமிருந்து 'பிழை 400' என்று மட்டும் பதில்; அனுப்பிய கோரிக்கை தவறு என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. எது பிழை என்று தெரியாமல் ஏஜென்ட் அதையே நாலு முறை அனுப்பியது, பாவம். டூலை எழுதியவரிடம் கேட்டால், 'கோடிங்கைப் பார்த்தாலே புரியுமே' என்கிறார். அந்தக் கோடிங்கை ஏஜென்ட்டின் கண்ணில் காட்டவே இல்லையே, ஐயா!